ஒரு மயிரிழை கீழே

பிப்ரவரி 13

வாத்தியாரம்மாவுக்கு,

நீ போயி இருபத்திரெண்டு நாள் ஆச்சு. நான் எண்ணல. கீழ தையல்கடைக்காரர் எண்ணிச் சொன்னாரு. அவரு பட்டன் எண்ணி முடிச்சதும் என் நாளை எண்ண ஆரம்பிச்சிடுறாரு, வேற பொழப்பு இல்ல.

உன் சௌக்கியத்தக் கேக்க எழுதுறேன்னு நெனச்சிடாத. என் இரும்புக் கட்டை எங்க? விரல் நீளம், ஒரு முனை மொழுமொழுன்னு உருண்டையா இருக்கும். அது இல்லாம நான் எதை வச்சு கம்பி மேல வழுக்குறது? கரண்டியை வச்சா? ஹவாய் கிட்டார்ல அந்தக் கட்டைதான்டி உசிரு. அதை எடுத்துட்டா மடியில இருக்கறது வெறும் பலகை, துணி தேய்க்கக்கூட லாயக்கில்ல.

முந்தாநாள் வாசிச்சப்ப இருந்துச்சு. நேத்து பாத்தா காணோம். வேற யாரு எடுத்திருப்பா? நீதான் ட்ரங்குப் பெட்டியில போட்டுக்கிட்டுப் போயிருக்கே. ஆறு வருஷமா என் சுருதியைக் கெடுத்தது பத்தலையா உனக்கு?

மத்தபடி நான் ஜோரா இருக்கேன். முட்டை நானே பொரிக்கிறேன். கருகுது. கருகினா என்ன, உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்.

சகலை எப்படி இருக்காரு? ரிப்பேருக்கு வர்ற கடிகாரம் ஓடுதா நின்னுச்சான்னு இன்னும் பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுத்தான் கேக்குறாரா? காது கேக்காதவருக்கு கடிகாரக் கடை. குருடன் சலூன் வச்ச மாதிரி. உன் தங்கச்சி குடுத்து வச்சவ, எவ்வளவு திட்டினாலும் சண்டை வராது.

கட்டையை உடனே அனுப்பு.

இப்படிக்கு,
யாருன்னு உனக்கே தெரியும்


பிப்ரவரி 17

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினேழு எழுத்துப்பிழைகள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது என் தவறு.

முந்தாநாள் வரை உங்கள் கையில் இருந்த கட்டையை, இருபத்திரண்டு நாளுக்கு முன் கிளம்பிப் போனவள் எப்படி எடுத்தாள் என்று எழுதி முடித்ததும் ஒரு தடவையாவது யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். சாம்பல் நிறக் கோட்டின் இடது பையில் கையை விடுங்கள். கட்டை இருக்கும். கூடவே, ஒரு மாதமாகத் துவைக்காத கைக்குட்டையும் இருக்கும். அதையும் வெளியே எடுங்கள்.

சுருதியைக் கெடுத்தேன் என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அன்று டிரம்காரர் எதிரில் சொன்னது போதவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை ஹோட்டல் கச்சேரிக்கு உங்களை அழைத்துப்போக வந்த மனிதர். அவர் கையில் நான் கொடுத்த காபி டம்ளர். நீங்கள் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தவர், துண்டை எடுக்க உள்ளே வந்தீர்கள். என் கை கிட்டாரின் கம்பியை முறுக்கும் சாவியில் இருந்ததைப் பார்த்தீர்கள். உடனே ஊருக்கே கேட்கிற குரலில், "பாத்தியாய்யா, இத்தனை வருஷமா இவதான் சாவியைத் திருப்பி என் சுருதியைக் கெடுத்திருக்கா. எனக்குக் கை தட்டுறாங்கன்னு பொறாமை!" அந்த மனிதர் காபியைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் நின்றார்.

நான் அன்று பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டினேன். இன்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே நிம்மதியாக இருக்கிறேன். தங்கை கணவர் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுகிறார். ஆறும் தேவையான வார்த்தைகள். இங்கே தலையணை உறைகளில் மீசை மை இல்லை.

இப்படிக்கு,
கெடுத்தவள்


பிப்ரவரி 20

வாத்தியாரம்மாவுக்கு,

கட்டை கோட்டுப் பையிலதான் இருந்துச்சு. அங்க எப்படிப் போச்சுன்னு நான் கேக்கல. பெரிய மனசு எனக்கு.

ஹோட்டல் சேதி சொல்றேன், நல்லா சந்தோஷப்படு. அக்கார்டியன் வாசிக்கிற நம்ம துருத்தி இருக்கானே, அவன் தொந்தியும் அவன் பெட்டியும் ஒண்ணா விரிஞ்சு ஒண்ணா சுருங்கும், அவன் வாரா வாரம் நாற்காலியை என்கிட்டருந்து நகத்திக்கிட்டே போறான். போன சனிக்கிழமை கிச்சன் கதவுக்கே போயிட்டான். சர்வர் ஒவ்வொரு தடவையும் அவன் முதுகைத் தாண்டித்தான் தட்டு கொண்டு போறான்.

"ஏன்டா அங்க போய் உக்காந்திருக்கே?"ன்னு கேட்டேன்.

"இங்க காத்து நல்லா வருதுண்ணே."

கிச்சன் கதவுல என்ன காத்து வரும், எண்ணெப் புகைதான் வரும். அவனுக்கு மூளை இருந்தா அக்கார்டியன் ஏன் வாசிக்கிறான்.

முன் டேபிள்ல ஒரு அம்மா, நான் கட்டையை வச்சு மேல இழுக்குறப்ப, சூப்பு ஸ்பூனை அப்படியே வச்சிட்டு பல்லு கூசின மாதிரி மூஞ்சியச் சுளிச்சுது. சூப்பு புளிச்சிருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த பாட்டுலயும் சுளிச்சுது. அப்ப ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் மேனேஜர் கூப்பிட்டான். டை கட்டுவானே, அவன்தான். அவனுக்கு டையத் தவிர வேற ஒண்ணும் நிமிந்து நிக்காது.

"மார்ச் பதினெட்டு நம்ம ஹோட்டலுக்கு இருபத்தஞ்சு வருஷம். பெரிய ஆளுங்க வர்றாங்க. அன்னிக்கும் இப்படித்தான் இருக்கும்னா சொல்லிடுங்க தாத்தா. உங்க நாற்காலில கீபோர்டு போட்டுக்கறோம்."

தாத்தாவாம். அவன் தலையில இருக்கறது என் மீசையவிடக் கம்மி.

முப்பத்தொரு வருஷமா சனிக்கிழமைன்னா எனக்கு மடியில கிட்டார். அந்த ஹோட்டல் தொறக்கறதுக்கு முன்னாடி வேற ஹோட்டல். மார்ச் பதினெட்டு கவுந்துச்சுன்னா அதுக்கப்புறம் இந்த மடியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, பூனை வளக்கறதா?

எல்லாம் உன்னாலதான். நீ திருப்பித் திருப்பி சாவி தளந்துபோச்சு. ரெண்டாவது கம்பி, அதான் மெல்லிசுல அடுத்த மெல்லிசு, நிக்கவே மாட்டேங்குது. எவ்வளவு ஏத்தினாலும் கீழயே கெடக்கு. புதுக் கம்பி போட்டேன், அதுவும் அப்படித்தான். நீ அதுக்கு என்ன சூனியம் வச்சிட்டுப் போனேன்னு சொல்லிடு.

இப்படிக்கு,
தாத்தா


பிப்ரவரி 24

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

சூனியம் வைக்கத் தெரிந்திருந்தால் முப்பத்தொரு வருடம் காத்திருப்பேனா?

ஒரே ஒரு கேள்வி. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், அதுவரை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆறு வருடமாக நான் சுருதியைக் கெடுத்தேன் என்கிறீர்கள். அந்த ஆறு வருடத்தில் துருத்தி எத்தனை தடவை நாற்காலியை நகர்த்தினார்? எத்தனை அம்மாக்கள் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள்? நான் இங்கே வந்த பிறகு நான்கு சனிக்கிழமைகள். அந்த நான்கில் எத்தனை?

டிரம்காரரிடம் சுருதி பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது. கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு, தப்பாக இருந்தால் சிவப்பு. "மெஷின் வச்சு சுருதி சேக்கறவன் கட்டிலுக்கும் ஏணி போட்டுத்தான் ஏறுவான்" என்று அவரைக் கேலி செய்தீர்களே, அதே மெஷின். அதைக் கேளுங்கள். அதற்குப் பொறாமை கிடையாது. உங்களுக்குக் கை தட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

மேற்கொண்டு எனக்கு எழுத வேண்டாம்.

பி.கு. முட்டை கருகுவது அடுப்பைக் குறைக்காததால்.


மார்ச் 2

வாத்தியாரம்மாவுக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னே. இது எழுதறது இல்ல, புலம்பறது.

டிரம்காரர்கிட்ட அந்த மெஷினை வாங்கினேன். என்ன திமிரு பாத்தியா, "என்னண்ணே, கட்டிலுக்கு ஏணி வேணுமா?"ன்னு கேட்டாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கிட்டு வந்து, கிட்டார் தலையில கவ்வ விட்டேன். ஆறாவது தடிக் கம்பி, பச்சை. அஞ்சாவது பச்சை. நாலாவது பச்சை. மூணாவது பச்சை. ரெண்டாவது? ரத்தச் செவப்பு. நான் பச்சைக்கு இறக்கினேன். இறக்கினா என் காதுக்கு அது தூங்கி வழியுது. திரும்ப ஏத்தினேன், என் காதுக்கு ஜம்முனு இருக்கு, மெஷினுக்குச் செவப்பு.

மெஷின் ரிப்பேருன்னு முடிவு பண்ணி, கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வாத்தியக் கடைக்குப் போனேன். அங்க கண்ணாடி போட்ட ஒருத்தன் இருக்கான், எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் சார்"னு சொல்லுவான். அவன்கிட்ட மூணு விதமான மெஷின். மூணுலயும் செவப்பு. "உன் கடையில எல்லாமே ஓட்டை மெஷின்"னு சொன்னேன். அவன் கிட்டாரை வாங்கி, ரெண்டாவது சாவியை லேசா கீழ திருப்பிட்டு, எல்லாக் கம்பியையும் ஒரு இழுப்பு இழுத்தான். கடையில அஞ்சாறு பேரு இருந்தாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மூஞ்சி சுளிக்கல, ஒருத்தன் சிரிச்சான்கூட.

எனக்கு மட்டும் கோணலாக் கேட்டுச்சு.

நான் கிட்டாரைப் பெட்டியில வச்சு, ரோட்டுல பஸ் ஸ்டாப்புல ஒரு பஸ்ஸை விட்டு, ரெண்டு பஸ்ஸை விட்டு உக்காந்திருந்தேன். நீ சனிக்கிழமை சனிக்கிழமை நான் மீசைக்கு மை தடவப் போனதும் அந்த ரூமுக்குள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு அப்பத்தான் கூட்டிப் பாத்தேன். கழிச்சும் பாத்தேன்.

அதுக்கு மேல இந்தக் கடுதாசில எழுத எனக்குப் படிப்பு பத்தல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஏன்டி சொல்லல? ஆறு வருஷம்! முதுகுல அழுக்கு ஒட்டியிருந்தாலே பஸ்ஸுல எல்லார் முன்னாடியும் சொல்லுவே. இதை ஏன் சொல்லல?

பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு.

இப்படிக்கு,
செவப்பு விளக்கு


மார்ச் 6

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, "ரெண்டாவது கம்பி கொஞ்சம் மேல இருக்குங்க" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "குழம்பு தாளிக்கறவளுக்கு சுருதியைப் பத்தி என்ன தெரியும்?" அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் உப்பு வேண்டும் என்று பேசினீர்கள். இரண்டாவது தடவை சொல்ல எனக்கென்ன பைத்தியமா? சொல்வதைவிடத் திருப்புவது சுலபமாக இருந்தது. நீங்கள் கண்ணாடி முன்னால் மீசையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவீர்கள், எனக்கு அரை நிமிடம் போதும்.

எப்படித் தெரிந்தது என்றும் மனதில் ஒரு கேள்வி இருக்கும், கௌரவம் பார்த்து எழுதவில்லை. கல்யாணமான புதிதில் நீங்கள்தான் பெருமையடித்துச் சொன்னீர்கள். "இந்தக் கம்பியை மத்தவன் வைக்கிற எடத்துலருந்து ஒரு மயிரிழை கீழ வச்சாத்தான் மொத்தக் கம்பியும் சேந்து இனிக்கும்." நீங்கள் மறந்துவிட்டீர்கள். உங்கள் காதும் மறந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு மறக்கவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை, கீபோர்டு சத்தம் எனக்குப் பிடிக்காது.

காது கேட்காதவருக்குக் கடிகாரக் கடையா என்று சிரித்தீர்கள் அல்லவா? தங்கை கணவர் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதில்லை. கடிகாரத்தைத் தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொள்கிறார். காதுக்குள் போகாதது எலும்பு வழியாகத் தெரிகிறது. ஓடுகிறதா, ஒரு பல் தாண்டுகிறதா, எல்லாம் சொல்கிறார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து, அதன் விளிம்பில் தாடையை அழுத்துங்கள். மூன்றாவது கம்பியில் மட்டும், கிட்டார் பலகையில் இருக்கிற நாலாவது குறுக்குக் கோட்டுக்கு நேர் மேலே கட்டையை வையுங்கள். இரண்டாவதைச் சும்மா விடுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வவ், வவ், வவ் என்று எலும்பில் அலை அடிக்கும். சாவியை மெதுவாக இறக்குங்கள். அலை மெதுவாகும், பிறகு நிற்கும். நின்ற பிறகு ஒரு மயிரிழை கீழே. அவ்வளவுதான். காதை நம்ப வேண்டாம். அது இனி உங்கள் மீசை மாதிரி, பார்வைக்கு மட்டும்.

மேல் வரிசைப் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யவும். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஆடி, அலை எது பல் எது என்று குழம்புவீர்கள்.

இப்படிக்கு,
குழம்பு தாளிக்கிறவள்


மார்ச் 12

வாத்தியாரம்மாவுக்கு,

அஞ்சு நாளா தாடையில கிட்டார் வச்சே தழும்பு விழுந்துபோச்சு. தையல்கடைக்காரர் மேல வந்து பாத்துட்டு, நான் கிட்டாரைத் தின்னுறேன்னு கீழ எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. "என்ன சார், முட்டை தீந்துபோச்சா?"ன்னு கேக்குறாங்க.

முதல்ல ஒண்ணும் புரியல. எலும்புல என்னமோ கொசு ரீங்காரம் மாதிரி. மூணாம் நாள் அந்த வவ் வவ் வந்துச்சு. மாட்டுக்கொட்டாயில பசு அசை போடுற மாதிரி. சாவியை இறக்க இறக்க, பசு மெதுவா மெல்லுது, மெல்லுது, நிறுத்திடுச்சு. நிமிந்து காதால கேட்டேன். என் காதுக்கு அது பொணம். தாடைக்கு அது தேன். யாரை நம்பறதுன்னு ரெண்டு பேரையும் எதிர் எதிரா நிக்க வச்சு விசாரிச்சேன். தாடை பக்கம் சாட்சி நெறைய இருந்துச்சு.

நேத்து ஹோட்டல்ல அப்படித்தான் வாசிச்சேன். என் காதுக்கு முழு நேரமும் கொடுமை. அடுத்தவன் பல் செட்டைப் போட்டுக்கிட்டு சாப்பிடற மாதிரி. ஆனா துருத்தி நாற்காலியை ஒரு அடி இந்தப் பக்கம் நகத்தினான். "என்ன, கிச்சன் பக்கம் காத்து நின்னுபோச்சா?"ன்னேன். சிரிச்சிட்டு இன்னொரு அடி வந்தான்.

எல்லாம் சரி, கடைசில எனக்கு வழி காட்டினது அந்தக் கடிகாரச் சகலையா? ஆறு வார்த்தை பேசற ஆளா? இந்த அவமானத்துக்கு நான் கீபோர்டையே ஏத்துக்கிட்டிருக்கலாம். அவருக்கு நன்றி சொல்லு. சத்தமாச் சொல்லாத, தாடையில சொல்லு.

பதினெட்டாம் தேதி சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஆரம்பம். அஞ்சு பாட்டு. வந்து பாரு. வரலைன்னா எனக்கு ஒரு நட்டமும் இல்ல. வந்தா சுருதி சரியா இருக்கான்னு சொல்ல ஒரு ஆள் இருக்கும், அவ்வளவுதான். உன் தங்கச்சிய மட்டும் அனுப்பிடாத. அவளுக்கு காலிங்பெல்லுக்கும் குக்கர் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாது. அன்னிக்கு நான் வந்து மணி அடிச்சப்ப போயி அடுப்பை அணைச்சவ.

இப்படிக்கு,
கிட்டார் தின்னி


மார்ச் 15

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

வர மாட்டேன்.

கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது, பசு இருக்கிறது, பல் செட் இருக்கிறது. ஒரு வரி மட்டும் இல்லை. அது எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதும் எனக்குத் தெரியும்.

என்னிடம் எழுத வேண்டாம். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், எனக்குத்தான் உண்மை தெரியுமே. யார் காதில் விழும்படி என்னைப் பொறாமைக்காரி என்றீர்களோ, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்ததும் ஒரு சிவப்பு விளக்குதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தங்கையும் அவள் கணவரும் அந்த ஊருக்கு வேறு வேலையாக வருகிறார்கள். முடிந்தால் ஹோட்டலை எட்டிப் பார்ப்பார்கள். நான் வர மாட்டேன்.

நிகழ்ச்சிக்கு முன் கம்பியை மாற்ற வேண்டாம். புதுக் கம்பி இழுபடும், சுருதி நிற்காது. சாம்பல் நிறக் கோட்டின் முழங்கை கிழிந்திருக்கிறது, கருநீலக் கோட்டைப் போடவும்.


மார்ச் 19

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

தங்கையும் அவள் கணவரும் நேற்று ஹோட்டலுக்குப் போய்விட்டு வந்தார்கள். நான் போகவில்லை. தங்கை சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கருநீலக் கோட்டைப் போட்டிருந்தீர்களாம். பட்டனை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தீர்களாம். மேடையில் கிட்டாரைக் கடிப்பதைப் போலக் குனிந்ததும் முன் வரிசை சிரித்ததாம். நீங்களும் நிமிர்ந்து அவர்களைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தீர்களாம். பல் செட்டைக் கோட்டுப் பையில் போட்டீர்களாம், அதே பையில்தான் கட்டையும் இருந்திருக்கும். அசிங்கம்.

இரண்டாவது கம்பி சரியாக இருந்ததாம். முதல் பாட்டிலேயே. இரண்டாவது பாட்டில் கட்டையைச் சாய்த்து இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்தபோது, தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்களாம். கட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் கம்பியை அடக்குவதில் மட்டும் பழைய சோம்பேறித்தனம்.

மேனேஜர் உங்கள் கையைக் குலுக்கி, "நாற்காலி உங்களுதுதான் தாத்தா" என்று மைக்கிலேயே சொன்னாராம். நீங்கள் அவர் டையைச் சரி செய்துவிட்டீர்களாம். திருந்தவே மாட்டீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைசிப் பாட்டில் ஐந்தாவது கம்பிக்கு என்ன ஆயிற்று? ஒரு மயிரிழை கீழே இருந்தது. முதல் நான்கு பாட்டிலும் சரியாக இருந்தது, ஐந்தாம் பாட்டில் கீழே. அது தடிக் கம்பி. அந்தப் பக்கம் உங்கள் காது நன்றாகத்தானே இருந்தது? மெஷின்கூடப் பச்சை காட்டியது என்று எழுதினீர்களே? அதுவும் கேட்கவில்லையா? எப்போதிலிருந்து? ஏன் எழுதவில்லை? திங்கட்கிழமையே காது டாக்டரைப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், டாக்டர் சொல்வது பாதி உங்களுக்குக் கேட்காது, கேட்ட பாதியைக் கிண்டல் செய்துவிட்டு வருவீர்கள்.

இது தங்கை கவனித்துச் சொன்னது.


மார்ச் 18, காலை எட்டு மணி

வாத்தியாரம்மாவுக்கு,

இந்தக் கடுதாசியை இப்பவே தபால்பெட்டில போட்டுட்டு, அப்புறந்தான் குளிக்கப் போறேன். சாயந்தரம் இன்னும் வரல, ஒரு பாட்டும் வாசிக்கல. உறைமேல குத்தின முத்திரையைப் பாத்துக்கோ. பின்னாடி என்னைப் பொய்யன்னு சொல்லக்கூடாது.

உன் கடுதாசி நேத்துக் காலையில வந்துச்சு. நேரா டிரம்காரர் வீட்டுக்குப் போனேன். "ஒரு காபி போட்டுக் குடுங்க"ன்னு அவரு வீட்டம்மாகிட்ட கேட்டேன். குடுத்தாங்க. அதை வாங்கி டிரம்காரர் கையில குடுத்து, "எந்திரிச்சு நில்லுய்யா"ன்னேன். அன்னிக்கு மாதிரியே இருக்கணும்ல. நின்னாரு. நான் சொன்னேன், "என் சம்சாரம் ஆறு வருஷமா என் சுருதியைக் கெடுக்கல. நான் கெடுத்ததை அவ சரி பண்ணிக்கிட்டிருந்தா. உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அந்தக் கைத்தட்டு எல்லாம் அவளுது." அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? "எங்க எல்லாருக்கும் தெரியும்ணே. நீங்க எப்ப கண்டுபுடிக்கப் போறீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்." சொல்லிட்டு நிம்மதியா காபியைக் குடிச்சாரு. இத்தனை வருஷத்துல அந்த டிரம்முல உருப்படியா ஒரு தாளம் அடிக்கத் தெரியல, இது மட்டும் தெரிஞ்சிருக்கு.

சொல்லியாச்சு. இப்ப என் பங்குக்கு ஒரு வேலை பண்ணப் போறேன்.

நீ இன்னிக்கு வருவே. வர மாட்டேன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே, ஒரு தடவை எழுதியிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன். உன் தங்கச்சிக்குப் பின்னாடி, மூணாவது தூண் மறைவுல உக்காருவே. முடிஞ்சதும் என் கண்ணுல படாம ஓடிடுவே. நாளைக்கு எனக்கு ஒரு கடுதாசி எழுதுவே, எல்லாம் தங்கச்சி சொன்னான்னு.

அதனால, நாலு பாட்டை ஒழுங்கா வாசிப்பேன். டை கட்டினவனுக்கு அது போதும். கடைசிப் பாட்டுக்கு முன்னாடி, அஞ்சாவது கம்பியை வேணும்னே ஒரு மயிரிழை இறக்குவேன். துருத்திக்கு அது தெரியாது. மேனேஜருக்கு அஞ்சாவது கம்பின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. உன் தங்கச்சிக்கு நான் வாசிச்சதே கிட்டாரா குக்கரான்னு தெரியாது. அந்த ஹால்ல முந்நூறு பேரு இருந்தாலும் அதைக் கேக்கற காது ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு நீ எழுதற கடுதாசில அஞ்சாவது கம்பின்னு ஒரு வார்த்தை இருந்துச்சுன்னா, நீ வந்தே.

என் காதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகல. பயப்படாத. டாக்டர்கிட்ட எல்லாம் போக மாட்டேன்.

கம்பியைத் திரும்ப ஏத்தவும் மாட்டேன். கிட்டார் பெட்டியில அப்படியே இருக்கும், அஞ்சாவது கீழ தொங்கிக்கிட்டு. எத்தனை நாள் ஆனாலும் சரி. என் கை அந்தச் சாவியைத் தொடாது.

இப்படிக்கு,
யாருன்னு உனக்கே தெரியும்


மார்ச் 22
(கார்டு)

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சுருதிக்காக மட்டும்.

தங்கைக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் கணவர் இன்று ஏழு வார்த்தை பேசினார்.

சாவியைத் தொடாதீர்கள். தலையணை உறைகளை இன்றே ஊற வைக்கவும்.